காப்பை அறுத்த கைகளுக்கு

திருத்தணி மலையடிவாரத்து யாத்திரிகர் விடுதிகள் சேவைச் சங்கத்தின் கணினி மையத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றி, இன்று மாலை பணி நிறைவு பெறும் தலைமைக் கணினி அலுவலர் திருமதி கோ. மணியம்மை அவர்களுக்கு, உடன் உழைத்த பன்னிருவர் பணிந்தும், ஓரிடத்தில் மட்டும் பணிய மறுத்தும் படித்தளிக்கும் மடல்

கண்டிகை தந்த கண்மணியே! கணினிக்கு வாய்த்த கதவே!

கே.ஜி.கண்டிகைக் கழனியில் நாற்று நட்ட தாய்க்கும் ஏர் பிடித்த தந்தைக்கும் மகளாய்ப் பிறந்து, தட்டச்சுப் பொறியின் முன் தயங்கி அமர்ந்து, தரவு உள்ளிடும் தற்காலிகப் பணியாளராய்த் தொடங்கி, தலைமை அலுவலராய்த் தலை நிமிர்ந்தவரே! பிழையைப் பிழையென்று பெரியவர் முன்னும் பேசும் பேராண்மை மிக்கவரே! பொறுத்தருள்க, பேராண்மை என்பது இவ்வகை மடல்களில் வழக்கமாக வரும் சொல். அன்று எங்கள் அலுவலகத்து ஆண்மக்களிடம் அது தேடியும் கிடைக்காத பொருளாக இருந்ததால், உங்களுக்கு வேறொரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததும் சொல்கிறோம்.

இதை எழுதி, இங்கே நின்று வாசிக்கும் அடியேன், அறைப் பதிவுக் கவுண்டரில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே நாற்காலியைத் தேய்த்துவரும் பரசுராமன். எனக்கு முன் இதைவிட நல்ல மடலொன்று ஆயத்தமாக இருந்தது என்பதைச் சபையோர் அறிய வேண்டும். சென்ற வாரம் மதிப்பிற்குரிய செயலாளர் குமாரசுவாமி ஐயா அவர்களின் அறையிலிருந்து மாதிரி மடல் ஒன்று வந்தது. சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஓட்டுநர் குணசேகரன் அண்ணனுக்கு வாசித்த அதே மடல்தான். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆகவே, “வளைவுகளில் வேகம் குறைத்து வண்டி செலுத்திய வள்ளலே” என்ற வரி அப்படியே இருந்தது. அம்மையீர்! வளைவில் வேகம் குறைப்பவரா நீங்கள்?

மாதிரியின் அடியில் பச்சை மையில் ஒரு குறிப்பும் இருந்தது: “ஆடிக் கிருத்திகைச் சம்பவத்தைத் தவிர்க்கவும்.”

ஆகவே ஆடிக் கிருத்திகைச் சம்பவத்தைப் பற்றி மட்டுமே பேசப் போகிறோம்.

ஒன்பது அறைகளுக்கும் ஒற்றைச் சுவராய் நின்றவரே!

கூடத்தின் கோடியில், குளிரூட்டிய சிற்றறைக்குள் குந்தியிருக்கும் நம் பெரிய கணினி, பார்வைக்கு ஒன்று; உள்ளே ஒன்பது. ஒரே பொறிக்குள் ஒன்பது தனித்தனிக் கணினிகள் ஓடுவதாகப் பாவனை செய்யும் ஏற்பாடு அது. எங்களைப் போன்ற மண்டைகளுக்கு அதை நீங்கள் விளக்கிய விதம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. “ஒரே சத்திரம், ஒம்போது ரூமு. ஒவ்வொரு ரூம்ல இருக்கிறவனும் இந்த வீடே எனக்குத்தான்னு நெனச்சிகினு இருப்பான். பக்கத்து ரூம்ல ஆள் இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நடுவுல சுவரு நல்லா இருக்கணும், அவ்ளோதான் விஷயம்” என்றீர்கள். அந்தச் சுவரை எழுப்பி நிறுத்துவது இயங்குதளத்தின் கரு. கெர்னல் என்பது அதன் பெயர். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் தலையாட்டத் தெரியும்.

எட்டு அறைகளில் நம்மவர்கள். சத்திரங்களின் அறைப் பதிவு ஒன்றில், அதனுள்ளே வந்து தங்கிய ஒவ்வொரு பக்தரின் அடையாள அட்டை நகல், நம் இலவச மருத்துவமனையில் எந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று எழுதிய குறிப்புகள் இன்னொன்றில், பள்ளிப்பட்டு நெசவாளர் சங்கம் வேறொன்றில், இப்படியே மற்றவை. ஒன்பதாம் அறையை வெளியூர்ச் சோதிட நிறுவனம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஊரார் அனைவரின் எதிர்காலத்தையும் கணித்துச் சொன்ன அந்த நிறுவனம், தன் கடவுச்சொல்லை ‘முருகா123’ என்று வைத்திருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடிப் பரணியன்று காலை, உலகெங்கும் உள்ள உங்கள் இனத்தாருக்கு அறிவிப்பு ஒன்று வந்தது. கருவின் அந்தச் சுவர் எழுப்பும் பகுதியிலேயே ஓர் ஓட்டை. ஓர் அறையில் இருப்பவன் அதன் வழியே சத்திரத்து மேலாளர் அறைக்குள் இறங்கி, ஒன்பது அறைச் சாவிகளையும் அள்ளிக்கொண்டு போகலாம். அடைக்கும் திருத்தம் ஆயத்தம். ஆனால் அதைப் போட்டால் பெரிய கணினியை அணைத்து எழுப்பியாக வேண்டும். அணைத்தால் ஒன்பதும் அணையும். மறுநாள் கிருத்திகை. மலையடிவாரத்தில் மயிலிறகும் மஞ்சள் வேட்டியும், பால்குடமும் பூக்காவடியுமாய், சித்தூர்ப் பேருந்தும் அரக்கோணம் இரயிலும் ஆட்களை அலை அலையாய் இறக்கிக்கொண்டிருந்தன.

காப்பைக் கட்டிய கைகளே அறுத்த கதையைக் கேளீர்!

சபையில் வெளியூரார் சிலர் இருப்பதால் நம் அலுவலகத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒருவர் திருவிழாவுக்கு முந்தைய நாள் கணினியில் எதையோ மாற்றப் போய், இரண்டு நாள் எல்லாமே நின்றுவிட்டது. அதிலிருந்து ஆடிக் கிருத்திகை வாரத்தில் கணினி அறைக் கதவின் கைப்பிடியில் மஞ்சள் துண்டு கோத்த நூலால் காப்புக் கட்டிவிடுவோம். காப்பு அவிழும்வரை உள்ளே எதையும் மாற்றக் கூடாது. பெரிய நகரத்து நிறுவனங்களிலும் விழாக் காலத்தில் இப்படியே எதையும் தொடாமல் நிறுத்தி வைப்பார்களாம். அவர்கள் மஞ்சள் கட்டுவதில்லை, அவ்வளவே வேற்றுமை. அந்த ஆண்டு காப்புக் கட்டியதும் நீங்கள்தான். வழக்கத்தை மதிக்காதவர் என்று உங்களை எவரும் சொல்ல வேண்டாம்.

என் கவுண்டர்த் தொலைபேசியிலேயே செயலாளர் ஐயாவை அழைத்தீர்கள். கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லையென்று ஒலிபெருக்கியைப் போட்டீர்கள். ஆகவே நான் ஒட்டுக் கேட்கவில்லை, ஊரே கேட்டது.

“அம்மா, காப்பு கட்டியாச்சு. இனிமே எதுவா இருந்தாலும் திருவிழா முடிஞ்சுதான்.”

“ஐயா, முருகன் காத்துகினு இருப்பாருங்க. திருடன் காத்துகினு இருக்க மாட்டான்.”

“இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே?”

“இத்தனை வருஷம் அந்த ஓட்டை யாருக்கும் தெரியாதுங்க. இன்னிக்குக் காலையில தண்டோரா போட்டுட்டாங்க, அடைக்கிற மருந்தும் கையில குடுத்துட்டாங்க. இனிமேயும் அடைக்கலைன்னா, கதவு எங்க தொறந்துகினு இருக்குதுன்னு நாமளே வழி சொல்லி அனுப்பின மாதிரி.”

“நாலு நாள் பொறுங்க. இது உத்தரவு.”

“ஆங், கேட்டுதுங்க” என்றீர்கள். கேட்டது என்றுதான் சொன்னீர்களே தவிர, செய்கிறேன் என்று சொல்லவில்லை. இதை எங்களில் ஒருவரும் அன்று கவனிக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு, “பரசு, அந்தக் கத்தரியக் குடு” என்று கேட்டீர்கள். எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன். கூட்டத்தைப் பார்த்துக் கைகுவித்து, “ரெண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் இருக்காது, எல்லாரும் பொறுத்துக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய், காப்பை அறுத்து, கதவைத் திறந்து, உள்ளே தாழிட்டுக்கொண்டீர்கள்.

ஒரு மணி ஐம்பது நிமிடம்! அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் இந்தப் பரசுராமன் செய்த பராக்கிரமத்தையும் பதிவு செய்ய வேண்டும். கணினி இல்லையே என்று கைநோட்டில் அறை ஒதுக்கினேன். மூன்றாம் சத்திரத்துப் பதினான்காம் எண் அறையை முதலில் சித்தூர்க் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தேன். அரைமணி கழித்து, அதே அறையைக் காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்றுக்கும் கொடுத்தேன். மாற்றுச் சாவியோடு கதவைத் திறந்து அவர்கள் உள்ளே போக, அங்கே சித்தூர்ப் பெரியவர் இடுப்புத் துண்டோடு தலை துவட்டிக்கொண்டிருந்தாராம். அந்தக் கோலத்திலேயே கவுண்டருக்கு வந்து, “ஏம் நைனா, ரூமு ஒண்ணு, சாவி ரெண்டா? இன்னும் யாராச்சும் வராங்களா, இல்ல நான் குளிக்கப் போலாமா?” என்று கேட்டார். வரிசையே சிரித்தது. காஞ்சிபுரத்தார் சிரிக்கவில்லை. அவர்கள் திட்டிய சொற்கள் இந்த மடலுக்குப் போட்டிருக்கும் கண்ணாடிச் சட்டகத்துக்குள் அடங்கா.

கூட்டத்தின் முன் பட்ட அவமானம் எனக்கு. தப்பு என்னுடையதென்று தெரிந்தவனுக்குத்தான் கோபம் அதிகம் வரும். மாலை நான்கு மணிக்குப் புகாரொன்று எழுதினேன். தமிழ் நன்றாகவே ஓடியது. “உத்தரவை மீறி, காப்பை அறுத்து, பக்தர்களை அலைக்கழித்து” என்று அடுக்கினேன். “அலுவலகக் கத்தரிக்கோலை முறையற்ற பணிக்குப் பயன்படுத்தி” என்ற வரியும் என் கைவண்ணமே; எடுத்துக் கொடுத்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது. காப்பறுத்த தோஷம் நம் தலையில் விடியுமோ என்ற பயம் பாதி, பரசுராமன் கேட்கிறானே என்ற தாட்சண்யம் பாதி, மொத்தம் பதினோரு பேர் கையெழுத்திட்டோம்.

பன்னிரண்டாமவர் கையெழுத்திடவில்லை. நம் துப்புரவுப் பணியாளர் ஜெயம்மாள். தாளை நீட்டியபோது வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நான் தரையத் தொடைக்கும்போது, அந்தாண்ட போய் நில்லுங்கன்னு உங்கள சொல்றேன். அதுக்கு எம்மேலயும் பெட்டிஷன் போடுவியா? அந்தம்மா கதவ மூடுனா உள்ள வேலை இருக்குதுன்னு அர்த்தம். போப்பா, வழியில நிக்காத, ஈரம்” என்றார். பேனா பிடித்த பதினொருவருக்குப் புரியாதது, வாளி பிடித்த ஒருவருக்குப் புரிந்தது.

நிகழாததை நிகழ்த்திக் காட்டியவரே!

திருவிழா முடிந்ததும் விசாரணை. ஐயா உங்களைக் கேட்ட கேள்வி நியாயமானதாகவே எங்களுக்குப் பட்டது: “ஒண்ணுமே நடக்கலையே! அப்புறம் எதுக்கும்மா நிறுத்துனீங்க?” நீங்கள் சொன்ன பதிலை அன்று நாங்கள் திமிர் என்றோம். “ஒண்ணும் நடக்கலைன்னா, அதுக்குத்தாங்க நிறுத்துனது.”

வெள்ளம் வந்தபின் மதகு மூடுகிறவருக்கு மாலை உண்டு. வருமுன் மூடுகிறவருக்கு, வயல் காய்கிறதென்று வசவுதான் உண்டு. நிகழாத கேட்டுக்குச் சாட்சி சொல்ல எவரும் வரமாட்டார். ஆனால் அம்மையீர், உங்கள் வழக்கில் ஒரு சாட்சி இருந்தது. திருத்தம் போட்ட மூன்றாம் நாள், ஒன்பதாம் அறையாகிய சோதிடக் கணினி தானாகவே நான்கு முறை மயங்கி விழுந்தது. ஏனென்று நீங்கள் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தீர்கள். ‘முருகா123’ என்ற திறவுகோலால் எவனோ முன்பே உள்ளே வந்து குடியிருந்திருக்கிறான். அந்த ஓட்டை இருந்த இடம் பார்த்து, அதே இடத்தில், நான்கு முறை சுவரை இடித்திருக்கிறான். சுவர் அசையவில்லை, அவனுடைய அறைதான் அவன் தலையில் விழுந்தது. அவனை வெளியேற்றி, அந்த அறையைக் கழுவி, ஒன்றரைப் பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தீர்கள். நீங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து நான்கு நாள் பொறுத்திருந்தால், நான் கைநோட்டில் ஓர் அறைக்குச் செய்ததை, அவன் ஒன்பது அறைக்கும் ஓசையின்றிச் செய்திருப்பான். துண்டோடு வந்து சொல்ல ஒரு சித்தூர்ப் பெரியவரும் இருந்திருக்க மாட்டார்.

அறிக்கையை ஐயா கோப்பில் வைத்தார். “பதினோரு பேரும் பொய்யா சொல்வாங்க?” என்றார். அவர்மேல் குற்றமில்லை. அவர் கையில் இருந்தவை ஒரு புரியாத அறிக்கையும், நன்றாகப் புரிகிற ஒரு புகாரும். உங்கள் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறியது: “கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர். திருவிழாக் காலப் பொறுப்புக்கு ஏற்றவரல்லர்.”

அதன்பின் வந்த திருவிழாக்களிலெல்லாம் உங்களைக் கணினி அறைப் பக்கமே விடவில்லை. சரவணப் பொய்கைப் பந்தலில், காணாமற்போன பிள்ளைகளை அறிவிக்கும் ஒலிபெருக்கியின் முன் உட்கார வைத்தார்கள். முப்பதாண்டு அனுபவமுள்ள அலுவலர், “நீலச் சட்டை போட்ட ஜஸ்வந்த் இங்க அழுதுகினு இருக்கான், அவங்க நைனா எங்கிருந்தாலும் வரவும்” என்று தமிழிலும் தெலுங்கிலும் கூவிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பிள்ளையும் உங்கள் பந்தலில் தங்கிப் போனதில்லை. அங்கேயும் நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. நாங்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தோம்.

அந்த ஒன்றரைப் பக்க அறிக்கையை நான் எப்போது படித்தேன் என்று கேட்பீர்கள். அந்த ஆடி மாதத்திலேயே படித்தேன். வாய் திறக்க இவ்வளவு நாளாயிற்று. முதலாண்டு, மகன் பள்ளிச் சேர்க்கைக்கு ஐயாவின் கடிதம் வேண்டியிருந்தது. இரண்டாமாண்டு பல்வலி. அதற்கடுத்த ஆண்டு காரணமே கிடைக்கவில்லை, ஆனாலும் பேசவில்லை. இத்தனைக்கும், திங்கட்கிழமைதோறும் கடவுச்சொல்லை மறந்துவிட்டு உங்கள் மேசை முன் வந்து நிற்பவன் நான். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, “ஏம்பா, என்மேல புகார் எழுதத் தெரிஞ்சவனுக்கு எட்டெழுத்து ஞாபகம் வெச்சுக்கத் தெரியாதா?” என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்டதில்லை. “மறந்துட்டியா? ஆங், உக்காரு” என்பீர்கள். அந்த ‘உக்காரு’தான் என்னை மூன்றாண்டு உட்கார விடவில்லை.

தணியாதவர் நாங்கள்!

வேலவன் சினம் தணிந்து அமர்ந்த மலை இது என்பது தலவரலாறு. அவருக்குச் சினம் தீர்ந்ததும் அமைதியாக அமர்ந்துவிட்டார். எங்களுக்கு இன்றுதான் தொடங்கியிருக்கிறது, அதுவும் எங்கள்மேல்.

நம் கடிதப் பிரிவு சினேகா சென்ற மாதம் சங்க விதிகளைப் புரட்டி ஒரு வரியைக் கண்டெடுத்தார். புகாரின் பேரில் பதிவான குறிப்பை, புகார் கொடுத்தவர்கள் எழுத்து மூலம் திரும்பப் பெற்றால், செயலாளர் அடித்துவிடலாம். ஆனால் அது பணியாளர் பணியில் இருக்கும்போதே நடக்க வேண்டும். பணிப்பதிவேடு மூடியபின் ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. உங்கள் பதிவேடு இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மூடப்படுகிறது. இந்தச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுவது. அதையும் சேர்த்துப் பார்த்தால், இப்போது நாலரை.

ஆகவே சபையோர் அறிய, சங்கத்தார் அறிய, மேடையில் வீற்றிருக்கும் செயலாளர் ஐயா அறியச் சொல்கிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் ஆடிப் பரணியன்று நாங்கள் பதினொருவர் எழுதிய புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறோம். அதில் உண்மையாக இருந்தது கத்தரிக்கோல் ஒன்றுதான். பதினான்காம் அறைக் குழப்பத்துக்குப் பரசுராமனே பொறுப்பு என்று பரசுராமனே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மடலின் படியொன்று இன்று காலை ஒன்பதரைக்கே உள்வரவுப் பதிவேட்டில் ஏறி, ‘பெறப்பட்டது’ என்ற முத்திரையும் பெற்றுவிட்டது. முத்திரை குத்தியவர் சினேகா, சற்று ஓங்கியே குத்தினார். இதற்காக எங்களுக்கும் சிவப்பு மை காத்திருக்குமாயின், ஐயா, தயவுசெய்து உங்கள் மேசையில் மை போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அடுத்த ஆடிக்கு எங்களையும் ஒலிபெருக்கிப் பந்தலுக்கு அனுப்பினால், அது எங்களுக்குப் பதவி உயர்வு.

ஐயா! உங்களை இகழ எழுதியதன்று இது. காப்பு என்பது காக்கக் கட்டுவது. காக்கும் வேலைக்கு அதுவே குறுக்கே நின்றபோது, அதை அறுத்தவர் உத்தரவை மீறினார், காப்பை மீறவில்லை. திருத்தத்தைப் போட்டு, கணினி எழுந்து, ஒன்பது அறைகளும் நலமென்று கண்டபின் அவர் செய்ததைப் பார்த்தவர் ஜெயம்மாள் ஒருவரே. அறுந்த நூலைக் கீழே இருந்து எடுத்து, இரு முனைகளையும் சேர்த்து முடிச்சிட்டு, அதே மஞ்சளோடு அதே கைப்பிடியில் மறுபடி கட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். காப்பு அவிழ்த்த நாளில் அந்த நூலை ஜெயம்மாள் தம் சுருக்குப்பையில் போட்டு வைத்திருந்தார். இன்று அது இந்தச் சட்டகத்தின் கண்ணாடிக்குள், இந்த மடலின் தலைப்பில் இருக்கிறது. முடிச்சு தெரியும்படி ஒட்டியிருக்கிறோம்.

அம்மையீர்! இனி வரும் ஆடிப் பரணிகளில் நண்பகல் உணவுக்குப் பின் நீங்கள் நிம்மதியாய்ப் படுத்துறங்குவீராக! படிகள் முந்நூற்று அறுபத்தைந்தையும், பாதி வழியில் கைப்பேசி அடிக்காமல், ஒரே மூச்சில் ஏறி இறங்கும் முழங்கால்கள் உங்களுக்கு வாய்ப்பதாக! நீங்கள் நிகழவிடாமல் நிறுத்தியவை யாவும் நிகழாமலே நிலைப்பதாக! திங்கட்கிழமை காலை கடவுச்சொல்லை மறந்த ஒருவன் கண்டிகையில் உங்கள் வாசலில் வந்து நின்றால், விரட்டாமல் “உக்காரு” என்பீராக!

ஐயா, பணிப்பதிவேட்டை நவீன்குமார் மேடைக்கே எடுத்து வந்துவிட்டார். பக்கம் இருபத்திரண்டு. பேனாவும் நாங்களே கொண்டுவந்திருக்கிறோம். நீங்கள் எழுந்து போகலாம், நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் அந்த வரி அடிபடும்வரை இந்த மாலையை நாங்கள் அம்மையாருக்குப் போடப் போவதில்லை. அவரும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. நாங்கள் பன்னிருவரும் இப்படியே நிற்கிறோம்.

என்றும் உங்கள் சுவருக்கு இப்புறம் நிற்கும்,

ஜெயம்மாள், துப்புரவுப் பணி (தெலுங்கில் கையெழுத்து. “அன்னிக்குப் போடாதத சேத்து இன்னிக்குப் போடறேன், எடம் விடு” என்று கேட்டு வாங்கிய முதலிடம்)

பரசுராமன், அறைப் பதிவு

சினேகா, கடிதப் பிரிவு

நவீன்குமார், பதிவேடுகள்

குணசேகரன், ஓட்டுநர் (ஓய்வு), இதற்கென்றே பேருந்தேறி வந்தவர்

மற்றும் அந்தப் புகாரில் இருந்த அதே வரிசையில், அதே பேனாவால், ஏனைய எழுவர்